ஊளை மேஸ்திரியின் ஊதலும் என் பவுடரும்

திருச்சி ஜில்லாவில் நரியை விரட்டத் தெரிந்தவர்கள் ஊருக்கு நூறு பேர் இருந்தார்கள். நரியைக் கூப்பிடத் தெரிந்தவர் ஜில்லாவுக்கே ஒருவர்தான். அவர் எங்கள் ஊளை மேஸ்திரி. கூப்பிடுவது என்றால் அந்தத் திசையைப் பார்த்துச் சும்மா கையை ஆட்டுவதல்ல. வெற்றிலை பாக்கு வைத்துச் சம்பந்தியை அழைப்பது போல முறையாக அழைப்பார். நரியும் மரியாதையாக வந்து, எதிரே பதினைந்தடி தூரத்தில் நின்று, ‘என்ன விஷயம்?’ என்று பார்க்கும். நம்பாதவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பிவிட்டு ராசிபலன் படிக்கப் போகலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் கண்ணால் பார்த்தவன். பார்த்தது மட்டுமா? என் கல்யாணப் பேச்சே ஒரு நரி வருமா வராதா என்பதில் போய்த் தொங்கிக்கொண்டு நின்றது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் பொன்மலை ரயில்வே பட்டறை ஆபீசில் குமாஸ்தா. மேஸ்திரிக்குப் பட்டறைக்குள் நீராவி எஞ்சின்களின் விசில்களைப் பழுதுபார்க்கும் வேலை. எஞ்சின் எங்கோ தூரத்தில் கூவும்போதே, “இவனுக்குத் தொண்டை கட்டியிருக்கு, நாளைக்கு நம்மகிட்டதான் வருவான்” என்பார். மறுநாள் அது வந்து நிற்கும். அப்படிப்பட்ட காது. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் எங்கோ இருந்தது. சம்பள நாளில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார். “ஊளை!” என்றால்தான் வரிசையிலிருந்து கை உயரும்.

பட்டறையில் காலைச் சங்கு ஊதினால் மற்றவர்கள் சைக்கிளை மிதித்துக்கொண்டு கேட்டுக்குள் பறப்பார்கள். மேஸ்திரி மட்டும் கேட்டுக்கு வெளியே சைக்கிளை நிறுத்தி, காதருகே கையைக் குவித்துக்கொண்டு நிற்பார். சங்கு ஓய்ந்த மறுநொடி மாவடிக்குளம் பக்கமிருந்து ஓர் ஊளை கிளம்பும். தெற்கே பொட்டலிலிருந்து இன்னொன்று பதில் கொடுக்கும். சங்கு ஊதினால் நரியால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது என்பதைப் பொன்மலையில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான். எத்தனை நரி, எந்தத் திசை, ஆணா பெண்ணா எல்லாம் கணக்காகிவிடும்.

“என்ன மேஸ்திரி, தினம் தினம் லேட்டு?” என்று டைம்கீப்பர் கேட்பார்.

“நான் லேட்டு இல்லீங்க. குளத்துக்கரை ஜோடியில ஒண்ணு இன்னிக்கு ஆப்சென்ட். அதான் என்னான்னு கேட்டுட்டு வரேன்.”

நரியைக் கூப்பிடும் ஊதலை அவரே செய்தார். சுண்டுவிரல் நீளத்தில் பித்தளைக் குழல். உள்ளே நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு. பித்தளை எங்கே கிடைத்தது என்றால், சம்சாரத்தின் பிறந்த வீட்டுச் சீர் டம்ளரிலிருந்து. டம்ளரைக் காணோம் என்று அந்த அம்மாள் ஆறு மாதம் தேடினார். ஊதலைப் பார்த்த அன்றைக்குத் தேடுவதை நிறுத்திவிட்டு, பேசுவதையும் நிறுத்திவிட்டார். மேஸ்திரி அசரவில்லை. “டம்ளரா இருந்தா காபிதான் வரும். இப்ப நரியே வருதுல்ல?” என்றார்.

ஊதலிலிருந்து வருவது முயல் மாட்டிக்கொண்டு அலறும் சத்தம். கைக்குழந்தை வீறிடுவது போலவே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை குவார்ட்டர்ஸில் அவர் கதவைச் சாத்திக்கொண்டு பழகிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டு அம்மாள் கதவை இடித்துத் திறந்துகொண்டு உள்ளே வந்து, “ஏம்மா, பச்சைப் புள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கிறியே, உனக்கே நல்லாருக்கா?” என்று மேஸ்திரியின் சம்சாரத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த வீட்டின் கடைசிப் பிள்ளைக்கே அப்போது மீசை முளைத்திருந்தது.

சனி ஞாயிறு வந்தால் வேட்டை. தொட்டியம், முசிறி, துறையூர் என்று எந்த ஊரில் ஆட்டுக்குட்டி காணாமல் போனாலும், கடலைக்கொல்லையில் நரி புகுந்தாலும் ஆள் வந்துவிடும். நான் கல்யாணமாகாதவன், ஞாயிற்றுக்கிழமை துணி துவைப்பதைத் தவிர எனக்கு வேறு ஜோலி இல்லை. எடுபிடியாக நானும் தொற்றிக்கொள்வேன். பட்டறைக்குள் எனக்கு “தம்பி வாங்க, தம்பி உக்காருங்க” என்று வாய் நிறைய மரியாதை கொடுப்பவர், வயல் வரப்பில் கால் வைத்ததும் “வா, போ, வாயை மூடு” என்று மாறிவிடுவார். வேட்டையில் அவர்தான் ஆபீசர், நான் கலாசி.

அவருடைய சட்டதிட்டங்களை நான் மனப்பாடமாகச் சொல்வேன். எருக்கம்பஞ்சைப் பிய்த்துக் காற்றில் விடுவார். பஞ்சு நம் முகத்தில் வந்து ஒட்டினால் உட்காரலாம், நமக்கு முன்னால் பறந்து போனால் வீட்டுக்குப் போகலாம். நம் வாசனை நரிக்குப் போகக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். அதனால் வெள்ளிக்கிழமையிலிருந்தே சோப்பு கிடையாது, தலைக்கு எண்ணெய் கிடையாது, பீடி கிடையாது, பவுடர் என்ற வார்த்தையையே உச்சரிக்கக் கூடாது. திங்கட்கிழமை காலை பட்டறையில் அவர் பக்கத்தில் நிற்பவர்கள் பட்ட பாட்டை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

“புதருக்குப் பின்னாடி ஒளியாத. முன்னாடி உக்காரு. பின்னாடி உக்காந்தா எட்டி எட்டிப் பாப்ப, தலை ஆடும். முன்னாடி உக்காந்தா நீயும் ஒரு புதர்.”

“சூரியன் நம்ம முதுகுல இருக்கணும். அதுக்குத்தான் கண்ணு கூசணும், நமக்கு இல்ல.”

ஒரு நாள் கட்டெறும்பு என் தொடையில் ஏறி வேலையை ஆரம்பித்துவிட்டது. நெளிந்தேன். மேஸ்திரி உதட்டை அசைக்காமல், “கடிக்கிறது எறும்போட வேலை. அசையாம இருக்கிறது உன் வேலை. அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாருங்க” என்றார்.

ஊதலையும் அவர் விடாமல் ஊதமாட்டார். இரண்டு மூச்சு ஊதுவார். அப்புறம் கால் மணி நேரம் கல்லாகச் சமைந்திருப்பார். “இன்னொரு தடவை ஊதுங்களேன்” என்று ஒரு முறை கெஞ்சினேன். “ஒரு தடவை கூப்பிட்டா மரியாதை. நொய் நொய்னு கூப்பிட்டா, இவன் ஏன் இப்படிப் பறக்குறான்னு சந்தேகம் வந்துரும். மாப்பிள்ளையையும் நரியையும் ஒரே மாதிரிதான் கூப்பிடணும்” என்றார்.

இவ்வளவு பெரிய மனிதருக்கு ஒரே ஒரு குணக்கேடு. தன் ஊதல் தோற்றது என்று செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். தொட்டியத்தில் ஒரு வாழைத்தோப்பில் விடியற்காலையிலிருந்து வெயில் ஏறும்வரை ஊதினார். ஒரு நரியும் வரவில்லை. எழுந்து லுங்கியைத் தட்டிக்கொண்டு, “இந்த வட்டாரத்துல நரியே இல்லீங்க. இருந்தா வந்திருக்கும்” என்று தோப்புக்காரரிடம் சான்றிதழ் கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த வாரம் தோப்புக்காரர் பொன்மலைக்கே வந்து, மறுநாளே நரி வந்து கோழியைத் தூக்கிவிட்டது என்று சொன்னார். மேஸ்திரி கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

“அது வெளியூர் நரிங்க. நாங்க வந்த பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸுல வந்து எறங்கியிருக்கும்.”

எங்கள் ஹெட்கிளார்க் விஷயத்தைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. அவர் ஸ்ரீரங்கத்துக்காரர். நெற்றியில் பளிச்சென்று திருமண். காலையில் கோயிலில் விஸ்வரூபம் ஸேவிக்காமல் காபியைத் தொடமாட்டார். ஆனால் பிரமோஷன் பரீட்சையில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டிருந்தார். ஒரு நாள் ஆபீசிலிருந்து இறங்கிப் பட்டறைக்குள் மேஸ்திரியைத் தேடிக்கொண்டே வந்துவிட்டார்.

“ஓய் மேஸ்திரி, அடியேனுக்கு ஒரு உபகாரம் பண்ணணும்.”

“சொல்லுங்க சாமி.”

“மூணு தடவையும் பெருமாளை ஸேவிச்சுட்டுத்தான் பரீட்சைக்குப் போனேன். மூணு தடவையும் போயிடுத்து. பெருமாளைக் குத்தம் சொல்லப்படாது, அவருக்கு லோகத்தையே ரக்ஷிக்கிற ஜோலி. இந்தத் தடவை நரி முகத்துல முழிச்சுட்டுப் போங்கோன்னு ஆத்துல சொல்றா.”

நரி முகத்தில் முழித்தால் அன்றைக்கு அதிர்ஷ்டம் என்று நம்மூரில் யார்தான் சொல்வதில்லை? ஆனால் அதற்காக நரியை ஏற்பாடு செய்ய முயன்றவர் இவர் ஒருவர்தான். பரீட்சையன்று விடியும் நேரத்தில் நானும் மேஸ்திரியும் ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தோம். விழிப்பு வந்த ஹெட்கிளார்க் கண்ணைத் திறக்காமல் படுக்கையிலேயே காத்திருந்தார். மாமி ஈரத்துண்டால் கண்ணைக் கட்டிவிட்டார். ஆளுக்கொரு கையைப் பிடித்துக் கொள்ளிடத்து மணலுக்கு அழைத்துப் போனோம். குளிக்கப் போன ஒருவர், “என்ன ஸ்வாமி, கண்ணுல ஆபரேஷனா?” என்று கேட்டார். “பேசப்படாது” என்று ஹெட்கிளார்க் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்.

மணலில் உட்கார்ந்தோம். மேஸ்திரி இரண்டு மூச்சு ஊதினார். நாணலிலிருந்து அழகாக ஒரு நரி வந்து எதிரில் நின்றது. சினிமாவில்கூட அப்படி நிற்காது.

“சாமி, வந்துருச்சு. அவுருங்க, அவுருங்க.”

ஈரத்துண்டின் முடிச்சு இறுகிப்போயிருந்தது. அவர் இழுத்தார், வரவில்லை. நான் பிடித்து இழுத்தேன். “ஐயோ, காது, காது!” என்று அவர் போட்ட கூச்சலில் நரி அக்கரைக்கே போயிருக்கும். மேஸ்திரி முன்னால் வந்து மண்டியிட்டு, துண்டைத் தலைவழியாக உருவி எடுத்தார். ஹெட்கிளார்க் கண்ணைத் திறந்தார். எதிரே நான்கு நாள் தாடியும் சோப்பு காணாத கன்னமுமாக மேஸ்திரியின் முகம்.

“நரி எங்கே ஓய்?”

“போயிருச்சு சாமி.”

பாவம், அழாத குறையாகப் பரீட்சைக்குப் போனார். பாஸ் பண்ணிவிட்டார்! அவ்வளவுதான். அதற்கப்புறம் பரீட்சை, இன்டர்வியூ, டிரான்ஸ்ஃபர் என்று எது வந்தாலும் பொன்மலைக்காரர்கள் விடியற்காலையில் கண்ணை மூடிக்கொண்டு மேஸ்திரி வீட்டு வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தார்கள். “கண்ணைத் தொறந்துகிட்டு வந்து தொலைங்கய்யா, கோலத்தை மிதிக்கிறீங்க!” என்று அவர் சம்சாரம் கத்துவது தெருக்கோடிவரை கேட்கும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன்.

உப்பிலியபுரத்துக்குப் பக்கத்தில், பச்சமலை அடிவாரத்தில் எனக்கு ஒரு பெண் பார்த்தார்கள். பெயர் கமலா. காபித் தட்டைக் கொண்டுவந்தபோது கண் சிவந்து வீங்கியிருந்தது. என்னைப் பார்த்தா அழுதாள் என்று நினைத்துவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, அன்று காலை நரி ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. தாய் செத்த குட்டி. அவள் பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. அந்த மாதத்தில் அப்படிப் போனது அது மூன்றாவது. பெண்ணின் அப்பா என்னிடம் பேசிக்கொண்டிருந்தாரே தவிர மனசு பட்டியில் இருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்த பார்வையில், ‘பேனா புடிக்கிற பையன், நம்மூரு வெயிலுக்கு ரெண்டு நாள் தாங்குவானா?’ என்று எழுதியிருந்தது.

எனக்குப் பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டது. பிடித்துவிட்டால் வாய் சும்மா இருக்குமா?

“எங்க பட்டறையில ஒருத்தர் இருக்காருங்க. அவர் கூப்பிட்டா நரி தானா வந்து நிக்கும்.”

“தானா வருமா?”

“கூப்பிட்ட குரலுக்கு வருங்க.”

பெண்ணின் அப்பா வெற்றிலையை மென்று துப்பினார். அப்புறம், “சரிங்க தம்பி. அவரைக் கூட்டிட்டு வாங்க. நீங்க சொன்ன மாதிரி நரி வரட்டும். மத்ததை அப்பறம் பேசிக்கலாம்” என்றார். கதவுக்குப் பின்னாலிருந்து கமலா எட்டிப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் புலியையே கூட்டி வருவதாகச் சொல்லியிருப்பேன்.

அடுத்த சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் மேஸ்திரியுடன் பஸ் ஏறினேன். வெள்ளிக்கிழமையே சோப்பை நிறுத்தியாகிவிட்டது. போய்ச் சேர்ந்ததும் மேஸ்திரி பட்டியைச் சுற்றித் தடம் பார்த்தார். “முன்னங்கால் ஒண்ணு சரியா ஊணல. நொண்டி நரிங்க. ஓடி முயல் புடிக்க முடியாது, அதான் கட்டிக் கெடக்கிற குட்டிக்கு வருது” என்றார். பெண்ணின் அப்பா வாயைப் பிளந்தார். மேஸ்திரி ஊதலை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, “இருவது வருஷமாச்சுங்க. இது ஒரு நாளும் பொய் சொன்னதில்ல” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் சொந்தச் சொத்தைக் காட்டுவது போல நின்றுகொண்டிருந்தேன்.

இங்கேதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். எழுதவே கை கூசுகிறது. கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். தொட்டித் தண்ணீரில் என் முகம் தெரிந்தது. எண்ணெய் காணாத தலை, புழுதி படிந்த மூஞ்சி. இந்த லட்சணத்தோடா கமலா முன்னால் நிற்பது? சட்டைப் பையில் ஒரு பவுடர் பொட்டலம் வைத்திருந்தேன். ஏன் வைத்திருந்தாய் என்று கேட்காதீர்கள், பெண் வீட்டுக்குப் போகிறவன் வேறு என்ன வைத்திருப்பான்? கொஞ்சம்தான் போட்டேன். மேலே இன்னும் கொஞ்சம். கழுத்துக்கும் கொஞ்சம்.

காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி முன்னால் போனார், பெண்ணின் அப்பா பயிர்க்காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கியோடு நடுவில், நான் கடைசியில். அதனால் என் வாசனை யாருக்கும் எட்டவில்லை. கொல்லைக் கோடியில் ஒரு காரைப் புதருக்கு முன்னால் உட்கார்ந்தோம். எருக்கம்பஞ்சு முகத்தில் ஒட்டியது. மேஸ்திரி ஊதினார்.

கால் மணி. சோளத்தட்டைக்கு அப்பால் ஒரு தலை தெரிந்தது. நொண்டிக்கொண்டு வந்தது. அதேதான்! பெண்ணின் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டார். ஆனால் நேரே வராமல், அது எங்களைச் சுற்றி வளைத்துக்கொண்டு போக ஆரம்பித்தது. வயதான நரிக்கு அது பழக்கம், காற்று வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் கிட்டே வரும். அந்த நேரம் பார்த்துப் பச்சமலையிலிருந்து மாலைக்காற்றும் திரும்பி எங்கள் முதுகில் அடித்தது. நரி சட்டென்று நின்றது. மூக்கைத் தூக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு தும்மல் போட்டது. அடுத்த நொடி அந்த இடத்தில் நரி இல்லை.

அதே காற்றில் மேஸ்திரியின் மூக்கும் நிமிர்ந்தது. கழுத்தை மட்டும் மெல்லத் திருப்பி என்னைப் பார்த்தார். என் கழுத்துப் பவுடர் வியர்வையில் கரைந்து சட்டைக் காலரில் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. என் ஜோலி முடிந்தது என்று நினைத்தேன். கமலாவும் போயாச்சு, இவரும் போயாச்சு.

“என்னங்க ஆச்சு? கைக்கு வந்தது ஓடிருச்சே!” என்றார் பெண்ணின் அப்பா.

மேஸ்திரி ஊதலை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். இரண்டு தரம் தட்டினார்.

“ஊதல்ல கோளாறுங்க. தகடு தளந்துபோயிருக்கு. என் தப்பு. மன்னிச்சுக்குங்க, அடுத்த சனிக்கிழமை வரோம்.”

தோப்புக்காரரிடம் வெளியூர் நரியை பஸ் ஏற்றி அனுப்பிய வாய் அது!

திரும்பும் பஸ் துறையூர் வந்ததும் நான்தான், “மேஸ்திரி, அது வந்து…” என்று இழுத்தேன்.

“வாசனை நல்லாத்தான் இருக்கு” என்றார். அப்புறம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, “பொண்ணைப் பாக்கப் போனா பவுடர் போடணும். நரியைப் பாக்கப் போனா போடக் கூடாது. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சது யாரு? நான்தானே?” என்றார்.

திங்கட்கிழமைக்குள் செய்தி பட்டறைக்கு வந்துவிட்டது. உப்பிலியபுரத்துப் பையன் ஒருவன் எங்கள் லேத் ஷாப்பில் வேலை பார்த்தான், அவன் கைங்கரியம். கான்டீனில் டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொருவனும் வந்தான். “மேஸ்திரி, ஊதல் ரிப்பேராமே?” “ஊருக்கெல்லாம் விசில் பாக்குறவர் சொந்த விசிலை விட்டுட்டாரே!” அவர் டீயை ஊதிக் குடித்துக்கொண்டே, “ஆமாப்பா, ரிப்பேர்தான்” என்று ஒவ்வொருவனுக்கும் பதில் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எழுந்தேன். என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“தம்பி, நீங்க வாயைத் தொறந்தா அது உப்பிலியபுரத்துக்கும் போவும். போனா அங்க பொண்ணு தருவாங்களா? பேசாம டீயைக் குடிங்க.”

“உங்களுக்கு அவமானமா இருக்கு மேஸ்திரி.”

“எனக்குக் கல்யாணம் ஆயிருச்சு. உங்களுக்கு ஆவல.”

அடுத்த சனிக்கிழமை மறுபடி போனோம். இந்த முறை அவர் என்னை ஒரு நிமிஷம் தனியே விடவில்லை. நேராக ஆட்டுப்பட்டிக்குள் கொண்டுபோய், “உக்காரு” என்றார். உட்கார்ந்தேன். ஆட்டுப் புழுக்கையை அள்ளி என் சட்டையிலும் கையிலும் தேய்த்தார். அரை மணி நேரம் ஆடுகளோடு ஆடாக இருந்தேன். ஒரு கிடா என் முழங்கையில் உரசிக்கொண்டு நின்றது. அப்போது பார்த்துக் கமலா தழைக்கட்டோடு பட்டிக்கு வந்தாள். என் தலையில் வைக்கோல். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கிடாவைப் பார்த்தேன்.

அவள் தழையைப் போட்டுவிட்டு, “இப்பதான் ஆள் மாதிரி இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதே புதர். காற்று திரும்பினாலும் நரியின் மூக்குக்கு ஆட்டு வாடைதான் போகும். மேஸ்திரி இரண்டு மூச்சு ஊதினார். முதலில் வந்தது ஒரு வாலிப நரி, நான்கு காலும் நன்றாக இருந்தது. பெண்ணின் அப்பா துப்பாக்கியைத் தூக்கினார். மேஸ்திரி குழல் மேல் விரலை வைத்து அமுக்கினார். “இது இல்லீங்க. கூப்பிட்டதுக்காக வந்திருக்கு, தப்பு பண்ணல” என்றார். அது எங்களைப் பார்த்துவிட்டு அலட்சியமாகப் போனது. மேஸ்திரி மறுபடி ஊதவில்லை. வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. என் தொடையில் கட்டெறும்பு ஏறியது. எறும்பு அதன் வேலையைப் பார்த்தது, நான் என் வேலையைப் பார்த்தேன். இன்று வரவில்லை என்றால் இனி இந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்பது மட்டும்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையில் மேஸ்திரியும் தலை காட்ட முடியாது.

சோளத்தட்டை அசைந்தது. நொண்டி நரி. போன வாரம் போலவே சுற்றி வளைத்தது. காற்றில் நின்றது. மூக்கைத் தூக்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிச்சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். நரி இருபதடியில் விழுந்து கிடந்தது.

மேஸ்திரி எழுந்துபோய்ப் பக்கத்தில் குந்தி, அந்தக் கோணல் காலை ஒரு தரம் தொட்டுப் பார்த்தார். பெண்ணின் அப்பா திரும்பி, துப்பாக்கியை என் பக்கம் நீட்டினார்.

“இதைக் கொஞ்சம் புடிங்க மாப்பிள்ளை.”

மாப்பிள்ளை! புழுக்கை ஒட்டிய கையால் அந்தத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நான் நின்ற நிலை இருக்கிறதே, அதைப் போட்டோ எடுக்க அங்கே ஆள் இல்லாமல் போனதுதான் என் ஒரே குறை. மேஸ்திரி திரும்பி, ஊதலை முண்டாசில் செருகிக்கொண்டு, “தகடு இப்ப சரியாயிருச்சுங்க” என்றார்.

கல்யாணமாகி ஆறு மாதம் கழித்துத்தான் கமலா ஒரு நாள் பேச்சுவாக்கில் போட்டு உடைத்தாள். கிணற்றடியில் நான் பவுடர் போட்டதை அடுப்படி ஜன்னல் வழியாக அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாளாம். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம்.

“தெரிஞ்சுமா உங்கப்பா பொண்ணு குடுத்தார்?”

“அப்பா என்ன சொன்னார் தெரியுமா? ‘இருவது வருஷமா பொய் சொல்லாத ஊதல்னு பெருமை பேசின மனுஷன், எல்லாருக்கும் முன்னாடி தன் ஊதலையே குத்தம் சொல்லிக்கிட்டாரும்மா. ஒரு பையனுக்காக அந்த மனுஷன் தலை குனியிறார்னா அவன்கிட்ட ஏதோ இருக்கணும்’னார்.”

“என்ன இருக்காம்?”

“நானும் அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்” என்றாள்.

கல்யாணத்தன்று நடந்ததைச் சொல்லவில்லையே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம். முதல் நாளே உப்பிலியபுரம் வந்துவிட்டோம், பெண் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் எங்களுக்கு ஜாகை. விடியும் நேரம் யாரோ தோளை உலுக்கினார்கள். கண்ணைத் திறப்பதற்குள் ஒரு காய்த்துப்போன கை வந்து கண்ணை மூடியது.

“தொறக்காத. அப்படியே எழுந்து உக்காரு.”

உட்கார்ந்தேன். கமகமவென்று ஒரு வாசனை.

“இப்பத் தொற.”

திறந்தேன். எதிரே ஊளை மேஸ்திரி. வழவழவென்று சவரம் செய்த கன்னம். தலையில் எண்ணெய் வழிந்தது. சோப்பு போட்டுக் குளித்திருந்தார், அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை! நெற்றியிலிருந்து கழுத்துவரை வெள்ளை வெளேரென்று பவுடர். காதுக்குள்ளேகூடப் பவுடர். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது.

“என்ன மேஸ்திரி இது வேஷம்?”

“இன்னிக்கு எந்த நரியும் குறுக்க வந்துரக் கூடாதுல்ல? அதான் அப்பிக்கிட்டேன்” என்றார். “எந்திரி, நேரமாச்சு.”

அதற்கப்புறம் எத்தனையோ நல்லது நடந்திருக்கிறது. பிள்ளைகள் பிறந்தார்கள், எனக்கும் பிரமோஷன் வந்தது, நேற்று பெரியவளுக்கு இன்ஜினியரிங் சீட்டும் கிடைத்தது. முக்கியமான நாளென்றால் இன்றைக்கும் படுக்கையில் விழிப்பு வந்தவுடன் நான் கண்ணைத் திறப்பதில்லை. அந்தப் பவுடர் முகத்தை மனசில் ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் திறக்கிறேன்.